‘டிக் டிக்’ ஓசை சொல்லும் செய்தி: காரின் சிக்னல் விளக்கு எவ்வாறு இயங்குகிறது?

ஒரு காரில் உள்ள பாகங்களில் பெரும்பாலானவை ஓட்டுநரின் வசதிக்காக அமைந்தவை. குளிர்சாதனம், வானொலி, இருக்கை, ஏன் முன்விளக்குகூட நமக்குப் பாதையைக் காட்டுவதற்காகத்தான். ஆனால், பிரேக் விளக்கும் சிக்னல் விளக்கும் அப்படியல்ல. அவை முழுக்க முழுக்க அடுத்தவருக்கானவை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துகொண்டு நம் காரின் சிக்னல் விளக்கை நாமே பார்க்க முடியாது. அது பழுதானாலும் நமக்கு ஒரு தொல்லையும் இல்லை. கார் ஓடும், திரும்பும், வீடு போய்ச் சேரும். தொல்லையெல்லாம் பக்கத்தில் வருபவருக்குத்தான்.

பினாங்கில் பக்கத்தில் வருபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கெலுகோரில் உள்ள நம் வளாகத்துக்குக் கப்சாய் மோட்டாரில் வந்து போகும் நண்பர்கள் நம்மில் எத்தனை பேர்! துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் பினாங்குப் பாலத்துக்குப் பிரியும் இடத்தைக் காலை ஏழரை மணிக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்கள் தடம் மாறும். அவற்றின் இடையிலும் இடப்புறமும் மோட்டார்கள் ஈசல்போல் நுழைந்து செல்லும். ஒவ்வொரு மோட்டாரோட்டியும் முன்னால் செல்லும் காரின் மஞ்சள் விளக்கைப் பார்த்துத்தான் தன் அடுத்த நொடியை முடிவு செய்கிறார். அந்த விளக்கைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல் பற்றி ஒரு விளக்கம். தமிழ்ப்பள்ளியில் ‘மகிழுந்து’ என்று எழுதிப் பழகியவன் நான். எனினும் இங்கே ‘கார்’ என்றே எழுதுகிறேன். பட்டறையில் போய் மகிழுந்து என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘சமிக்ஞை விளக்கு’ என்று எழுதலாம்தான். ஆனால், நம் நாளிதழ்களில் அச்சொல் சாலைச் சந்திப்பில் உள்ள சிவப்பு, பச்சை விளக்கையே குறிக்கிறது. ஆகவே, ‘சிக்னல் விளக்கு’ என்பதே குழப்பமில்லாத சொல்.

தொடக்கத்தில் கார்களுக்குச் சிக்னல் விளக்கே கிடையாது. சன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டுவதுதான் வழக்கம். பிறகு காரின் பக்கவாட்டுத் தூணிலிருந்து மீன் துடுப்பைப் போல் வெளியே நிமிரும் சிறு கை வந்தது. 1948-இல் அறிமுகமான மோரிஸ் மைனர் காரில் இந்தக் கைதான் இருந்தது. 1961-இல்தான் அது நீக்கப்பட்டுச் சிமிட்டும் விளக்கு பொருத்தப்பட்டது. அமெரிக்காவின் பியூக் நிறுவனமோ 1939-ஆம் ஆண்டு மாடலிலேயே சிமிட்டும் விளக்கைக் கொண்டுவந்துவிட்டது. 1985-இல் நம் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, சிமிட்டும் விளக்கு இல்லாத புதிய கார் என்று ஒன்று இல்லவே இல்லை.

இனி, அது எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம்.

ஆரம்பப் பள்ளி அறிவியல் பாடத்தில் மின்கலம், விசை, மின்விளக்கு மூன்றையும் கம்பியால் இணைத்து மின்சுற்று வரைந்தது நினைவிருக்கலாம். சிக்னல் விளக்கும் அதே மின்சுற்றுதான். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முதலில் ஃபியூஸைக் கடக்கிறது. அடுத்து, சிமிட்டலை உண்டாக்கும் ஃபிளாஷர் ரிலே. அதற்கடுத்து, ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் உள்ள சிக்னல் தண்டு, இதுதான் விசை. தண்டை மேலோ கீழோ தள்ளும்போது மின்னோட்டம் இடப்பக்க விளக்குகளுக்கோ வலப்பக்க விளக்குகளுக்கோ போகிறது. பிறகு காரின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி இல்லை. இதைத்தான் பட்டறையில் ‘எர்த்’ என்கிறார்கள். இந்த எர்த்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு பக்கத்தில் பொதுவாக மூன்று விளக்குகள் இருக்கும். முன்னால் 21 வாட் பல்பு ஒன்று, பின்னால் 21 வாட் பல்பு ஒன்று, முன்சக்கரத்துக்கு மேலோ பக்கக் கண்ணாடியிலோ 5 வாட் சிறு பல்பு ஒன்று. மூன்றும் இணையாக இணைக்கப்பட்டவை. ஆகவே, ஒன்று கருகினாலும் மற்றவை எரியும். மொத்தம் 47 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இது ஏறக்குறைய 4 ஆம்பியர் மின்னோட்டம். இந்த 47 என்ற எண்ணில்தான் கதையே இருக்கிறது.

பழைய ஃபிளாஷர் வெப்பத்தால் இயங்கியது. உள்ளே ஈருலோகத் தகடு ஒன்று இருக்கும். மின்னோட்டம் பாயும்போது சூடேறி வளையும். வளைந்ததும் தொடர்பு அறுந்து விளக்கு அணையும். குளிர்ந்ததும் மீண்டும் நிமிர்ந்து விளக்கு எரியும். ‘டிக் டிக்’ என்னும் ஓசை அந்தத் தகட்டின் ஓசைதான். ஒரு பல்பு கருகினால் மின்னோட்டம் குறையும். தகடு போதிய அளவு சூடேறாது. எனவே, எஞ்சிய விளக்கு மெதுவாகச் சிமிட்டும் அல்லது சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும்.

பின்னர் வந்த மின்னணு ஃபிளாஷர் வேறு விதம். அதற்குச் சூடு தேவையில்லை; ஒரு சிறு மின்னணுச் சில்லு நேரத்தைக் கணக்கிட்டு ரிலேயைத் திறந்து மூடுகிறது. கூடவே, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்றும் அளந்துகொண்டே இருக்கிறது. 21 வாட் பல்பு ஒன்று கருகினால் 47 என்பது 26 ஆகிவிடும். மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகச் சரியும். உடனே சில்லு சிமிட்டும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். ‘டிக்... டிக்...’ என்பது ‘டிக்டிக்டிக்டிக்’ என்று மாறும். பலர் இதைக் கேட்டு, ரிலே கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ரிலே தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. ஓட்டுநரால் பார்க்க முடியாத விளக்கைப் பற்றி அவர் காதுக்குச் செய்தி அனுப்புகிறது.

இது தற்செயலான விந்தை அன்று. வாகன விளக்குகள் பற்றிய ஐக்கிய நாட்டு விதிமுறை எண் 48, சிக்னல் நிமிடத்துக்கு 90 முறை சிமிட்ட வேண்டும் என்றும், 30 கூடலாம் அல்லது குறையலாம் என்றும் வரையறுக்கிறது. அதாவது 60 முதல் 120 வரை. விளக்கு பழுதானால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சிமிட்டும் வேகம் வெளிப்படையாக மாறுவது அதற்கு ஏற்கப்பட்ட வழிகளில் ஒன்று. இன்றைய பல கார்களில் ரிலேயே இல்லை. உடற்பகுதிக் கணினி அந்த வேலையைச் செய்கிறது. ஓசை வருவதற்கு ஒரு காரணமும் இல்லாததால், சிறிய ஒலிபெருக்கி வழியாகப் பழைய ‘டிக் டிக்’ ஓசையைச் செயற்கையாக எழுப்புகிறார்கள். ஓசை போலிதான், செய்தி உண்மை.

ஆனால், இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. 21 வாட் பல்பு கருகினால் கார் சொல்லிவிடும். 5 வாட் பக்க விளக்கு கருகினால்? 47 என்பது 42 ஆகும், அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு வேறுபாடு. பேட்டரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதே மின்னோட்டம் அந்த அளவு மாறிக்கொண்டுதான் இருக்கும். எனவே, பெரும்பாலான ஃபிளாஷர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஓசை வழக்கம்போலவே கேட்கும்.

இப்போது மோட்டாரோட்டியின் இடத்திலிருந்து பாருங்கள். நம் சாலைகளில் மோட்டார்கள் கார்களின் இடப்புறத்தை ஒட்டியே செல்கின்றன. காரின் கதவுக்கு நேராக வந்துவிட்ட ஒருவருக்கு அந்தக் காரின் பின்விளக்கும் தெரியாது, முன்விளக்கும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரே சிக்னல் அந்த 5 வாட் பக்க விளக்குதான். கார் இடப்புறம் திரும்பினால் முதலில் அடிபடுபவரும் அவர்தான். யாருக்கு மிகவும் தேவையோ அவர் பார்க்கும் விளக்கு செத்தால் மட்டும் கார் வாய் திறப்பதில்லை.

சரி, கார் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? மலேசியாவில் பேருந்து, லாரி போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகின்றன. 1994-இல் தொடங்கப்பட்ட புஸ்பாகோம் நெடுங்காலமாகச் செய்துவரும் பணி அது. ஆனால், நம் வீட்டுக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலும் முதல் சோதனை. காப்புறுதி எடுத்து, சாலை வரியைக் கைத்தொலைபேசியிலேயே புதுப்பித்துவிடலாம். பல்பு எரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2009-இல் உற்பத்தி நின்றுபோன பெரோடுவா கஞ்சில் இன்னும் ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே குடும்பத்தில் தந்தையிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறிய கஞ்சிலை, ஏட்டில் பெயர் மாறாதவரை, யாரும் சோதித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆக, இந்த நாட்டில் தனியார் காரின் சிக்னல் விளக்குக்குச் சோதனை அதிகாரி இருவர்தாம்: ஒருவர் அந்த ஓசை, மற்றவர் காரின் உரிமையாளர்.

அந்த இருவரில் ஒருவரை நாமே விரட்டிவிடும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. எல்.இ.டி. பல்பு மாற்றுவதைத்தான் சொல்கிறேன். எல்.இ.டி. நல்ல பொருள், மறுப்பதற்கில்லை. சாதாரண இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்பது 3 மீட்டருக்கும் மேல். ஆனால், 21 வாட் இருந்த இடத்தில் சில வாட்டே எடுக்கும் எல்.இ.டி. பல்பைப் போட்டால், பல்பு கருகிவிட்டது என்று ஃபிளாஷர் நினைத்து வேகமாகச் சிமிட்டும். இதைச் சரிசெய்யக் கடைகளில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, பல்புக்கு இணையாக 6 ஓம் மின்தடை பொருத்துவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12-ஐ 12-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 24 வாட். மிச்சப்படுத்திய மின்சாரம் முழுவதும் வெறும் சூடாக வெளியேறுகிறது. பிளாஸ்டிக் பம்பரின் மீது அதை ஒட்டினால் பம்பர் உருகும். கம்பியோடு சேர்த்துக் கட்டினால் உறை கருகும். உலோகத் தகட்டில் திருகாணி போட்டுப் பொருத்துவதே முறை. இரண்டாவது வழி, மின்னோட்டத்தை அளக்காத எல்.இ.டி. ரிலே போடுவது. சூடு இல்லை; வேகமும் சீராகும். ஆனால், அதன் பிறகு எந்த விளக்கு செத்தாலும் ஓசை மாறாது. இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர் இனித் தம் கண்ணையே நம்ப வேண்டும்.

இழை பல்பு ஏன் கருகுகிறது? குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே, ஒவ்வொரு முறை எரியும்போதும் முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. தொடர்ந்து எரியும் விளக்குக்கு இது ஒருமுறை. சிக்னலுக்கோ நிமிடத்துக்கு 90 முறை. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து கருக்கிறது. அப்படிக் கருத்த பல்பு இன்னும் எரிந்தாலும் மாற்றிவிடலாம். முன்பக்கம் ஒன்று போனால் அதன் இணை பல்பும் அதே வயதுதானே. இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. சில ரிங்கிட்தான் செலவு.

நிறம் வெளுப்பது இன்னொரு சிக்கல். விளக்கின் கண்ணாடி தெளிவாக இருக்கும் கார்களில் பல்பின் மீதுதான் மஞ்சள் பூச்சு இருக்கும். நாளடைவில் பூச்சு உரிந்து வெள்ளையாகச் சிமிட்டும். பகலில், அதுவும் நம் ஊர் வெயிலில், முன்விளக்கோடு கலந்து கண்ணில் படாது. விதிமுறை கேட்கும் நிறம் மஞ்சள். வெள்ளையாகத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மஞ்சள் பல்பின் அடியில் உள்ள இரு முனைகளும் நேர் எதிராக இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். தெளிந்த பல்பை அந்த இடத்தில் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முனையைத் தேய்த்துப் பொருத்தும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்!

எதை மாற்றுவது என்று முடிவு செய்ய, காருக்குள்ளேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது: சிவப்பு முக்கோணம் போட்ட அபாய விளக்குப் பொத்தான். அதே விளக்குகளைத்தான் அதுவும் எரிக்கிறது. ஆனால், சிக்னல் தண்டைக் கடக்காமல், சாவி போடாதபோதும் இயங்குகிறது. பொத்தானை அழுத்தினால் எல்லா விளக்கும் எரிகிறது, தண்டைத் தள்ளினால் மட்டும் எரியவில்லை என்றால், பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. தண்டின் உள்தொடர்போ அந்த வழியின் ஃபியூஸோ பழுது. இரண்டுக்குமே எரியவில்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சிமிட்டினால் அந்தப் பக்கப் பல்பு. ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். எரிந்தால் அதே அளவுதான் போட வேண்டும். புதிதாகப் போட்டதும் மீண்டும் எரிந்தால் எங்கோ கம்பி உரசுகிறது என்று பொருள். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது கம்பியாகத்தான் இருக்கும்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எர்த் இங்கேதான் வருகிறது. வலப்பக்கச் சிக்னல் போட்டால் பின்னால் இரவு விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகிறதா? பிரேக்கை மிதித்தால் சிக்னல் தடுமாறுகிறதா? பல்பையும் ரிலேயையும் எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது. திரும்பிப் போகும் வழி துருப்பிடித்து அடைபட்டதால், மின்னோட்டம் பக்கத்துப் பல்பின் வழியே குறுக்கு வழி தேடுகிறது. கடல் சூழ்ந்த தீவில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. 2017 நவம்பர் 4, 5-ஆம் நாள்களில் பினாங்கைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து ஓட்டியவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். பல்பு மாட்டும் குழியில் பச்சை நிறப் பூசணம்போல் படிந்திருந்தால் அது செம்பின் துரு. சுரண்டிச் சுத்தம் செய்து, எர்த் திருகாணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிக்னல் தானாக அணைவதும் தேய்மானத்துக்கு உட்பட்டதுதான். ஸ்டீரிங் தண்டோடு சுழலும் வளையத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. ஸ்டீரிங் நேராகத் திரும்பும்போது அது சிக்னல் தண்டின் நாக்கைத் தட்டி விடுவிக்கிறது. பிளாஸ்டிக் நாக்கு தேய்ந்தால் சிக்னல் அணையாது, அல்லது தண்டு நிற்கவே நிற்காது. அப்போது தண்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால், தடம் மாறும்போது ஸ்டீரிங்கைச் சிறிதளவே திருப்புகிறோம். அப்போது நாக்கு தட்டுப்படாது, சிக்னலும் அணையாது. அது பழுதன்று, கையால்தான் அணைக்க வேண்டும். கப்சாய் மோட்டாரில் இந்த வளையமே கிடையாது. கிரீன் லேனில் வலப்பக்கச் சிக்னலோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும் மோட்டார்களின் இரகசியம் இதுதான்.

சிக்னலை எப்போது போடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 90 என்றால் மூன்று சிமிட்டலுக்கு 2 நொடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் அதற்குள் 33 மீட்டர் வந்துவிடும். முதல் சிமிட்டலோடு ஸ்டீரிங்கையும் திருப்புபவர், போட்டும் போடாததற்குச் சமம்.

மழை நேரத்துப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலத்தில் பெருமழை பிடித்தால் பல கார்கள் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டே ஓடுகின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால், நான்கு மூலையும் சிமிட்டும்போது இடம், வலம் காட்ட விளக்கே மிஞ்சுவதில்லை. தடம் மாறினால் பின்னால் மழைச் சட்டையோடு வருபவருக்கு எதுவுமே தெரியாது. மேலும், நடுவழியில் நின்றுவிட்ட காரும் ஓடும் காரும் ஒன்றுபோலவே தெரியும். மழைக்கு முன்விளக்கைப் போட்டாலே பின்விளக்கும் சேர்ந்து எரியும். அபாய விளக்கு நின்ற காருக்கு.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இரவில் சுவரை ஒட்டிக் காரை நிறுத்தி, அபாய விளக்கை அழுத்தி, இறங்கி ஒரு சுற்று வாருங்கள். ஆறு இடம்: முன் இரண்டு, பின் இரண்டு, பக்கம் இரண்டு. பக்க விளக்கைக் குனிந்து பாருங்கள். பிறகு உள்ளே வந்து இடமும் வலமும் தனித்தனியே போட்டு ஓசையைக் கேளுங்கள். பல்பு மாற்ற வேண்டியிருந்தால் பழையதை வீசிவிடாமல் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடிப்பகுதியில் வாட்டும் வகையும் பொறித்திருக்கும். அதைப் பார்த்தே கடைக்காரர் சரியானதை எடுத்துத் தந்துவிடுவார்.